மஞ்சள் ஓரம் வைத்த சீட்டு

ஸ்கேலை மேசை விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய தேர்வுத்தாள் ஒன்றைச் சர்ரென்று கிழிக்கிறார். ஒரு தாளுக்கு எட்டுச் சீட்டு. எழுதாத பக்கம் மேலே வரும்படி அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கிரேயானால் ஒரு கோடு இழுக்கிறார். பச்சைக் கோடு என்றால் சீட்டில் ஒரே ஒரு சொல் இருக்கும். நீலம் என்றால் ஒரு வாக்கியம். மஞ்சள் என்றால் மூன்று வாக்கியம், அது கெட்டிக்காரர்களுக்கு. நாங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் திட்டுகிற நேரம் அது. இவர் ஒருவர் மட்டும் திட்டாமல் தாள் கிழித்துக்கொண்டிருப்பார்.

தொடக்கப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறவர். வயது ஐம்பத்திரண்டு. குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாய் ஒரு போக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி. பிள்ளைகளுக்கு அவர் பிரெஞ்சு மிஸ். எங்களுக்குச் சீட்டு டீச்சர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தன் பிறந்தநாளன்று எங்கள் மேசையில் ஒரு மிட்டாய் டப்பாவை வைத்து, அதன்மேல் பிரெஞ்சில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு மூன்று மிட்டாய் எடுத்துக்கொண்டோம். ‘ஒன்று மட்டும் எடுக்கவும்’ என்று எழுதியிருந்ததாம். “பாத்தீங்களா, படிக்கத் தெரியலைன்னா மனுஷன் எவ்வளவு சந்தோஷமா இருக்கான்” என்று சொல்லிவிட்டு, காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே போனார்.

நான் பக்கத்து அறையில் கணக்குச் சொல்லித்தருகிறேன். எங்கள் இருவர் வகுப்புக்கும் நடுவில் இருப்பதற்குச் சுவர் என்று பெயர். உண்மையில் அது ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவன் தும்மினால் இந்தப் பக்கம் வகுத்தல் கணக்கில் மீதி மாறிப்போகும். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் பாதி, காதால் கேட்டுக் கடுப்பான சங்கதி. மீதிப் பாதியைப் பின்னால்தான் கண்ணால் பார்த்தேன்.

பிரெஞ்சில் எழுதுகிற எழுத்தையெல்லாம் உச்சரிக்க முடியாது போலிருக்கிறது. சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தோ இரண்டோ சும்மா உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு வேறு யாராவது என்றால் இலக்கணம் சொல்வார்கள். இவர், “அது தூங்குதுடா கண்ணு, எழுப்பாதே” என்பார். பிள்ளைகள் உடனே கலர் பென்சிலை எடுத்து அந்த எழுத்துக்கு ஒரு போர்வை போர்த்திவிடுவார்கள். அப்புறம் பாடம் வாசிக்கும்போது, போர்வை வருகிற இடத்திலெல்லாம் முப்பத்தொரு பேரும் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்ஷ்’ என்பார்கள். நாலு உஷ் கேட்டதும் என் வகுப்பும் சேர்ந்து உஷ் என்னும். ஒன்பதாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோகும்.

இன்னொரு நாள் ரயில். தரையில் ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்து, கடைசிப் பிள்ளையின் காதில் ஒரு எழுத்தைச் சொல்வார். அது முன்னால் இருப்பவன் முதுகில் விரலால் எழுதும். அவன் அதற்கு முன்னால் இருப்பவள் முதுகில் எழுதுவான். இப்படியே போய் இன்ஜினாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுந்து கரும்பலகையில் எழுதவேண்டும். புறப்பட்ட எழுத்து ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று. எங்கே தடம் புரண்டது என்று பெட்டி பெட்டியாக விசாரணை நடக்கும். முதுகில் எழுதினால் கூச்சம் வேறு. அந்தச் சிரிப்பில் தடுப்புப் பலகை கிடுகிடுவென்று ஆடும்.

வெயில் நாளில் வகுப்பு முற்றத்துக்கு வந்துவிடும். ஆளுக்கொரு பெயின்ட் பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர். சிமென்ட் தரையில் சொல்லை எழுதவேண்டும், காய்வதற்குள் இன்னொரு பிள்ளை அதை வாசித்துவிடவேண்டும். பிள்ளைகள் குப்புற விழுந்து எழுதுவதையும், தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து வாசிப்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்து என் பிள்ளைகள் பெருமூச்சு விடுவார்கள். சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலையே இல்லை. நான் ஒருமுறை கேட்டேவிட்டேன்.

“தப்பெல்லாம் யார் திருத்தறது டீச்சர்?”

“காஞ்சு போயிடும் சார். நோட்டுல எழுதினா நிக்கும். நின்னா பயம். பயந்துபோன பிள்ள எழுதுமா?”

“கணக்குல தப்பு காயாது.”

“அதான் உங்க பீரியடுக்கு முன்னாடி பாதிப் பேருக்கு வயித்து வலி வந்துடுது” என்றார், சிரிக்காமல்.

ஆனால் இவையெல்லாம் பக்கவாத்தியம். பிரதானம் சீட்டுதான். வகுப்பு வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே நுழைகிற பிள்ளை ஒரு சீட்டை எடுத்து, வாய் திறக்காமல் படித்து, அதில் உள்ளதைச் செய்யவேண்டும். ‘குதி.’ ‘ஜன்னலைத் தொடு.’ ‘நேற்று உன்னோடு சண்டை போட்டவனுக்கு உன் பென்சிலைக் கொடு.’ அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: “படிச்சா செஞ்சுடணும். செய்யலைன்னா படிக்கலைன்னு அர்த்தம்.” இந்தச் சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். பிள்ளை எழுதிக் கொடுக்கிற சீட்டை அவரும் மீறமாட்டார். ஒரு பிள்ளை ‘தவளை மாதிரி போங்கள்’ என்று எழுதிக் கொடுத்ததற்காக, மூலையிலிருந்த பெஞ்சிலிருந்து மேசை வரைக்கும் அவர் தவளையாகவே போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

சீட்டுகளை எண்ணாமல் டப்பாவை மூடமாட்டார். முன்பொருமுறை ஒரு பச்சைச் சீட்டு தப்பித்துப் போய், காலைக் கூட்டத்தில் பள்ளியே மௌனமாய் நிற்கிற வேளையில் ஒரு பையன் ‘மியாவ்’ என்று கத்திவிட்டான். அன்றிலிருந்து கணக்கு சுத்தம்.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். ஆண்டு விழாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். “முப்பது வருஷமா ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கறேன் சார். எந்தக் கம்பெனிதா இருந்தாலும் பிரிச்சு மேஞ்சிருவேன். எங்க வீட்டுச் சமையல்கட்டுல உப்பு எதுன்னு கண்டுபிடிக்க மட்டும் அகராதி வேணும்.” மனைவி எல்லா டப்பாவிலும் பிரெஞ்சில் பெயர் எழுதி ஒட்டிவிட்டாராம். சர்க்கரை என்று நினைத்து ஒருநாள் காப்பியில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக்கொண்டார். மனைவிக்கு அதில் வருத்தமே இல்லை. “அந்த ஒரு வார்த்தைய இனிமே ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார் பாருங்க” என்று பெருமையாகச் சொன்னார்.

அவர் பிரெஞ்சு படித்ததே முப்பத்தெட்டு வயதில். அதற்கு முன்னால் பார்சல் கம்பெனி ஒன்றில் கவுன்ட்டர் வேலை. வெளிநாட்டுப் பெட்டிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒட்டி ஒட்டி அனுப்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. சாயங்கால வகுப்பில் சேர்ந்தார். “ஒவ்வொரு வார்த்தையையும் நூறு தடவை எழுதவச்சாங்க சார். என் கை படிச்சுடுச்சு. நான் படிக்கல” என்பார். பிறகு ஷாம்பூ பாட்டில், பற்பசை அட்டை, மருந்துப் பெட்டிக் குறிப்பு என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பிரெஞ்சைத் தேடித் தேடித் தானே கற்றுக்கொண்டார். இன்றும் அவர் கைப்பையில் காலி அட்டைப் பெட்டிகள் நாலைந்து நசுங்கிக் கிடக்கும். பிரெஞ்சு தேசத்தை அவர் பார்த்ததில்லை.

எங்கள் தலைமையாசிரியை நல்லவர். ஆனால் சத்தம் வராத வகுப்பில்தான் படிப்பு நடக்கிறது என்று நம்புகிறவர். நானும் அதே கட்சி. இந்த வருஷம் பொறுக்கமுடியாமல் ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அதன் பலனாகத் தலைமையாசிரியை ஒரு வாரம் பிரெஞ்சு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே அவர் கண்ணில் பட்டவள்தான் நத்தை.

நத்தை என்பது அவளே வைத்துக்கொண்ட பெயர். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரெஞ்சில் ஒரு விலங்குப் பெயர் உண்டு, பிள்ளைகளே தேர்ந்தெடுப்பது. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இந்த எட்டு வயதுப் பெண் வாய் திறக்கவில்லை. ஒரு தாளில் நத்தை ஒன்றை வரைந்து நீட்டினாள். அன்றிலிருந்து அவள் ‘எஸ்கார்கோ’. ஏழு மாதமாகப் பள்ளியில் அவள் பேசியதைக் கேட்டவர் இல்லை. வீட்டில் வாய் ஓயாது என்று அம்மா சொல்வார். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். மற்ற பாடங்களில் பார்த்தாவது எழுதுவாள். பிரெஞ்சு நோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. டப்பாவிலிருந்து சீட்டு எடுப்பாள், பார்ப்பாள், அப்படியே நிற்பாள்.

“ஏழு மாசம். ஒரு வார்த்தை படிக்கல, ஒரு எழுத்து எழுதல. உங்க விளையாட்டுல இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைச்சுது?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“படிக்கிறா மேடம். கண்ணு வரியிலதான் ஓடுது. காட்டத்தான் மாட்டேங்கறா.”

“காட்டாத படிப்பை நான் எதுல எழுதறது?”

நாலாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியில் பிரெஞ்சு கட்டாயம். அறவே வராத பிள்ளை வேறு பள்ளிக்குப் போகவேண்டும். வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு நத்தையின் அம்மாவை வரச்சொல்லி, மாற்றுச் சான்றிதழுக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது என்று முடிவானது. திங்கள் முதல் சீட்டு டப்பாவும் மூடப்படும். எல்லாருக்கும் இனிமேல் காப்பி நோட்டில் பார்த்து எழுதுவதுதான். அம்மா ஒரு நர்ஸ். எங்கள் பள்ளி அவருடைய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பதற்காகவே வந்து சேர்த்தவர். நத்தைக்கு இது மூன்றாவது பள்ளி. நாலாவதிலும் அவள் இப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று சீட்டு டீச்சர் ஆசிரியர் அறையில் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். என்னிடம் பதிலாக இருந்தது அந்தப் புகார்க் கடிதத்தின் நகல்தான்.

புதன்கிழமை அவர் மூன்றாம் வகுப்புக்குப் புதையல் வேட்டை வைத்தார். பள்ளி முழுக்க இருபத்து நாலு சீட்டுகளை ஒளித்துவைத்திருந்தார். ஒரு சீட்டைப் படித்தால் அடுத்த சீட்டு இருக்கிற இடம் தெரியும். கடைசிச் சீட்டில் ஒரு குறும்பு உண்டு: அதைக் கண்டெடுக்கிற பிள்ளையே புதையலாக மாறிப் போய் ஒளிந்துகொள்ளவேண்டும், மற்றவர்கள் தேடவேண்டும். ஆனால் கடைசிச் சீட்டு வரைக்கும் யாரும் போய்ச்சேருவதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் ஓடியோடிச் சீட்டுகளைப் பொறுக்கி வந்து, வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அன்று தலைவலி. நேராகப் போய், “டீச்சர், நான் கணக்கு நடத்தறதா, இல்ல கடைய மூடிட்டு வீட்டுக்குப் போறதா?” என்றேன். “மன்னிச்சுக்குங்க சார்” என்று சீட்டுகளை அப்படியே டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்றாம் வகுப்புக்கு என் பீரியட். வருகைப் பதிவு எடுத்தேன். நத்தை ‘பிரசன்ட் சார்’ சொல்லமாட்டாள். கையைத் தூக்குவாள், அதுவும் தோள் வரைக்கும்தான். முதல் மாதம் நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவள் பெயர் வந்ததும் கை தானாக ஒரு கோடு போடும், அடுத்த பெயருக்குப் போய்விடும். அன்றும் போட்டது.

இரண்டரைக்கு அம்மா வந்தார். டியூட்டியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். வெள்ளை உடை, மார்பில் குத்திய கடிகாரம். மகளைக் கூட்டிவர ஆயாவை அனுப்பினார்கள். ஆயா திரும்பிவந்து, “பை இருக்குங்க, பிள்ள இல்லீங்க” என்றார். கழிப்பறையில் பார்த்தார்கள், நூலகத்தில் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். டிரில் மாஸ்டர் ஒவ்வொரு அறையாகத் திறந்து கூப்பிட்டுவிட்டு வந்தார். எங்கேயும் இல்லை.

“ரெண்டு மணிக்கு மேல கேட்டைத் திறக்கவே இல்ல மேடம்” என்றார் வாட்ச்மேன்.

தலைமையாசிரியை பதிவேட்டைப் புரட்டினார். “ரெண்டு மணி வரைக்கும் கணக்கு வகுப்புல இருந்திருக்கா. அப்ப உள்ளதான் இருக்கணும். பதறாதீங்கம்மா.”

எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. எனக்கு மட்டும் போனது. ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். அதில் அவள் இருந்தாளா? எவ்வளவு யோசித்தும் அவள் முகம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாடநூல் வண்டி வந்து அரைமணி நேரம் கேட் ஆவென்று திறந்து கிடந்தது ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் சொன்னவற்றிலேயே கஷ்டமான வாக்கியத்தை அப்போதுதான் சொன்னேன்.

“மேடம்... நான் பார்க்காம போட்டுட்டேன்.”

“பார்க்காமன்னா?” என்று கேட்டது தலைமையாசிரியை இல்லை, அம்மா. பதிவேட்டில் நான் போட்ட கோட்டைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் தெருப்பக்கம் ஓடினார். தலைமையாசிரியை தொலைபேசியை எடுத்தார்.

சீட்டு டீச்சர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “அப்ப சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் அவள யாருமே பார்க்கல” என்றார், தனக்குத்தானே. அடுத்த நொடி வகுப்பறைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். டப்பாவைத் தரையில் கவிழ்த்து, புதையல் சீட்டுகளை எண்ணினார். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினார். இருபத்து மூன்றுதான்.

“சார், நேத்து நீங்க வந்தப்ப நான் எத்தனையில இருந்தேன்?”

“இருபதோ... இருபத்தொண்ணோ.”

நிறம் நிறமாகப் பிரித்தார். மஞ்சள் நாலு இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. எழுந்து முற்றத்துக் குடிநீர்க் குழாயிடம் ஓடினார். அங்கே ஒரு பூந்தொட்டி. அதைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வட்டமாய் ஈரம் மட்டும் இருந்தது, சீட்டு இல்லை.

“எடுத்துட்டா” என்றார். “கடைசிச் சீட்டு சார். எடுத்துட்டா!”

“என்ன எழுதியிருந்தீங்க?”

அவர் நடந்துகொண்டே சொன்னார். பந்து வைக்கிற அறைக்குப் போ. சுருட்டி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் சத்தம் போடாமல் உட்கார். உன் விலங்குப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால் மட்டும் வெளியே வா.

அந்த அறை வாசலில் டிரில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். “இங்க பார்த்தாச்சு மிஸ். ரெண்டு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.”

“எந்தப் பேரு?”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் உள்ளே பாய்ந்து மெத்தைகளைத் தள்ளப்போனேன். சீட்டு டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருங்க சார். கூப்பிட்டாத்தான் வரணும்னு எழுதியிருக்கேன்.” அதற்குள் தலைமையாசிரியையும் அம்மாவும் வந்துவிட்டார்கள். சீட்டு டீச்சர் மெத்தைகளைப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லி, முடிவில் ‘எஸ்கார்கோ’ என்றார்.

மெத்தைச் சுருள் ஒன்று அசைந்தது. பின்னாலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு தலை, தலை நிறைய ஒட்டடை. இரண்டு மணி நேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். கையில் அந்தச் சீட்டு. நான் அங்கேயே ஒரு கால்பந்தின் மேல் உட்காரப்போய்க் கீழே விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு நிம்மதியை என் வாழ்நாளில் நான் அனுபவித்ததில்லை.

அம்மா அவளை இழுத்து முதுகில் ஒன்று வைத்தார். வைத்த வேகத்திலேயே கட்டிக்கொண்டார். “எல்லாரும் தொண்ட கிழியக் கூப்பிட்டோமேடி. காதுல விழல?”

“விழுந்துச்சு” என்று அம்மாவின் தோளுக்குள் சொன்னாள். அவள் குரலை நான் அன்றுதான் கேட்டேன். சற்றுக் கட்டைக் குரல். “எல்லாரும் வேற பேர சொன்னாங்க. மிஸ் கூப்பிட்டா மட்டும் வான்னு எழுதியிருந்துச்சும்மா.”

தலைமையாசிரியை அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் அர்ச்சனை நடந்தது. ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. “ஒரு பிள்ளையக் காணோம்னு பெத்தவ முன்னாடி நிக்கறேன். இதுக்குப் பேரு விளையாட்டா?” என்றார். “தப்புதான் மேடம்” என்றார் சீட்டு டீச்சர். “எண்ணும்போது குறுக்க போனது நான். பார்க்காம கோடு போட்டதும் நான். புகார் எழுதினதும் நான்தான்” என்று நான் சொன்னேன். சொன்னதும் கொஞ்சம் லேசாக இருந்தது.

“அது இருக்கட்டும். இவ படிச்சுட்டுத்தான் அங்க போனாளா? வேற யாராவது சொல்லிக்குடுத்துப் போயிருந்தா? எங்க, அந்தச் சீட்ட வாசிக்கச் சொல்லுங்க.”

நத்தை வாயை இறுக மூடிக்கொண்டாள். மேசையில் படிவம் கிடந்தது, பக்கத்திலேயே மூடி கழற்றிய பேனா. அம்மா மகளின் தோளைப் பிடித்து, “சொல்லுடி, ஒரு தடவ சொல்லு” என்று கெஞ்சினார். அவள் தரையைப் பார்த்தாள். சீட்டு டீச்சர் சுற்றுமுற்றும் எதையோ தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்த என் சின்ன நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு நீட்டினேன். நின்றபடியே இரண்டு வரி எழுதி, ஒன்றும் பேசாமல் அவளிடம் கொடுத்தார்.

அவள் கண் இடமிருந்து வலமாய்ப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. பிறகு அம்மாவின் கையை விலக்கிவிட்டு, மூலையிலிருந்த ஸ்டூலிடம் போனாள். ஜாடியைத் தூக்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பாதி கீழே சிந்தியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா விழித்தார்.

“‘அம்மாவுக்குத் தண்ணி குடு. உன்னத் தேடி ரொம்ப ஓடியிருக்காங்க’ன்னு எழுதினேன்” என்றார் சீட்டு டீச்சர்.

அம்மா குடித்தார். அழுகையும் தண்ணீரும் ஒன்றாய் வந்து புரையேறி இருமினார். தலைமையாசிரியை பேனாவின் மூடியைப் போட்டு, படிவத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். “இனிமே சீட்ட ரெண்டு பேரா எண்ணுங்க. நீங்க ஒரு தடவ, கணக்கு சார் ஒரு தடவ” என்றார். இப்போதும் தினமும் சாயங்காலம் அந்த வேலையை நான்தான் செய்கிறேன், ஒருநாளும் தவறவில்லை.

அவ்வளவுதான் என்று எழுந்தோம். அப்போது நத்தை, மிஸ் திருப்பித் தந்த என் பென்சிலைப் பிடித்து இழுத்தாள். கொடுத்தேன். அதே தாளைத் திருப்பி மேசைமேல் வைத்து, நாக்கை ஓரமாய்த் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஓர் எழுத்து, நிறுத்தம், இன்னோர் எழுத்து. ஒருதரம் அடித்துவிட்டு மேலே எழுதினாள். அதில் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுதி முடித்து, தாளை நாலாக மடித்து மிஸ்ஸின் கையில் வைத்தாள்.

சீட்டு டீச்சர் பிரித்துப் படித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தலைமையாசிரியை கேட்டார். இவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து, தலைமையாசிரியையின் மேசைக்கு அடியில் போய்ச் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டார்.